கறைமாமா வளர்த்த செடி

என் அம்மாவின் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையின் உரிமச் சான்றிதழில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெரு முழுக்க அவர் கறைமாமாதான். தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

டிரை கிளீனிங் கடை அவருடையது. முன்னால் நீளமான மேஜை. துணி வாங்கிச் சீட்டுக் கொடுப்பது அங்கே என் வேலை. எனக்குப் பின்னால், உறை போட்ட கோட்டுகளும் சேலைகளும் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும். அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் சலவை இயந்திரங்கள், நீராவி இஸ்திரி மேஜை, ஜன்னலோரம் அத்தையின் தையல் மிஷின். அதையும் தாண்டினால் காம்பவுண்டு சுவர் வைத்த சின்னப் பின்முற்றம். சுவருக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் முற்றம்.

மாமாவின் இடம் நடுவில், வெள்ளை விளக்குப் போட்ட ஒரு மேஜை. கறை பட்ட துணியை அதில் விரித்து, குனிந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பிறகு தீர்ப்பு வரும். "இது துரு. இது பேனா மை. இது தேநீர். இது... தேநீர்னு சொல்லி நீங்க மறைக்கிற வேற ஏதோ." சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் தொல்லை. வீட்டில் நடந்ததையெல்லாம் சட்டையிலிருந்து படித்துவிடுவாரோ என்று பயந்து அடுத்த தெருக் கடைக்குப் போனவர்களும் உண்டு. எப்போதாவது அவர் சொன்னது தவறிப்போனால், அது அவருடைய தவறாக இருந்ததே இல்லை. துணிதான் தப்பாக நடந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவருக்கும் செடிகொடிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மண் என்றாலே அவருக்கு வேலை என்று அர்த்தம். யாராவது தோட்டம் போடுவதாகச் சொன்னால், "போடுங்க, போடுங்க, முட்டி போட்டு வேலை செய்யுங்க. பேண்ட்டை மட்டும் இங்க கொண்டு வாங்க" என்பார்.

ஒரு நாள், சாலை போடும் இன்ஜினியர் ஒருவரின் பேண்ட் வந்தது. விடுமுறை என்றால் மலையேறப் போகிற மனிதர் அவர். கால் மடிப்பைப் பிரித்து உதறியபோது காய்ந்து சுருங்கிய பழம் ஒன்று விழுந்தது. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிது. வாடிக்கையாளரின் துணியில் கிடைப்பது எதுவானாலும், பஸ் டிக்கெட்டே ஆனாலும், சிறு உறையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது கடையின் சட்டம். இன்ஜினியர் வந்ததும் பேண்டோடு உறையையும் நீட்டினேன்.

"இது என்னங்க?"

"உங்க பேண்ட் மடிப்புல இருந்தது சார்" என்று உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"குப்பையில போடுங்க."

"கஸ்டமர் பொருளைக் குப்பையில போடுற பழக்கம் இந்தக் கடையில கிடையாது சார்."

"எனக்கு வேண்டாமே!"

"அப்ப நீங்களே போடுங்க. எங்க கையால போட மாட்டோம்."

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே உறையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு இப்போது இக்கட்டு. வைத்துக்கொள்ளவும் முடியாது, எறியவும் முடியாது. உறை மேஜைமேலேயே கிடந்தது. கடைசியில் அத்தைதான் அதை எடுத்து, பழத்தை உள்ளங்கையில் நசுக்கினாள். மிளகுத்தூள் மாதிரி விதைகள். காலியான சோப்புத்தூள் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, மேலாகத் தூவி, பின்முற்றத்தில் வைத்தாள்.

"குப்பையிலயும் போடல, வீட்டுலயும் வச்சுக்கல. திருப்தியா?" என்றாள்.

மாமாவுக்குத் திருப்திதான். மண்ணில் போட்டதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

விதைகள் முளைக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முளைத்தன. நெருக்கமாக வந்த நாற்றுகளில் பலமானது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அத்தை அதைச் சுவரோரம் தரையில் நட்டாள். துணிகளைக் கடைசியாக அலசிய தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். செடி மளமளவென்று வளர்ந்தது. எதிரெதிராக ஜோடி ஜோடியாக இலைகள். தொட்டால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். நிமிர்ந்து நிற்கும் ஒழுங்கு மட்டும் அதற்கு இல்லை. பக்கத்தில் எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளும்.

அது என்ன செடி என்பது தெருவின் பிரச்சினையாகிவிட்டது. முடிதிருத்தும் கடைக்காரர் கொய்யா என்றார். கண்ணாடிக் கடைக்காரர், "களை. பிடுங்கிப் போடுங்க" என்றார். எங்கள் கடையில் இஸ்திரி போடும் அண்ணன் அதிகம் பேசாதவர். அவர் நிறைய நேரம் பார்த்துவிட்டு, "செடி" என்றார். இன்றுவரை மறுக்க முடியாத கருத்து அதுதான்.

மாமா பார்த்தார். குனிந்து, முகர்ந்து, நகத்தால் சுரண்டி, வழக்கம்போல் தீர்ப்புச் சொன்னார்.

"நந்தியாவட்டை."

"எப்படிங்க சொல்றீங்க?" என்றாள் அத்தை.

"சலவைக்காரன் வீட்டுச் செடி. வெள்ளைப் பூதானே பூக்கும்?"

"நந்தியாவட்டை இலையைக் கிள்ளினா பால் வருமே."

மாமா ஓர் இலையைக் கிள்ளினார். பால் வரவில்லை. இன்னொன்றைக் கிள்ளினார். அதிலும் இல்லை.

"சின்னச் செடிதானே, பால் இன்னும் ஊறல" என்றார்.

அதோடு அந்தச் செடி நந்தியாவட்டை ஆயிற்று. அதுவரை அத்தையுடையதாக இருந்த செடி, பெயர் வைத்த உரிமையில் மாமாவுடையதும் ஆயிற்று. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நேரே பின்முற்றத்துக்குப் போய்விடுவார். வாடிக்கையாளர்களிடம், "நம்ம நந்தியாவட்டை எப்படி வருது பாத்தீங்களா?" என்பார். துணி வாங்க வந்தவர்கள் அவசரம் அவசரமாக "அருமை" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பேராசிரியை ஒருவர் உண்டு. அவருடைய வெள்ளைக் கோட்டில் எப்போதும் பச்சைக் கறை இருக்கும் என்பதால் அவரை நாங்கள் கோட்டு டீச்சர் என்போம். ஒருமுறை கோட்டை வாங்க வந்தவரை மாமா விடாப்பிடியாகப் பின்னால் அழைத்துப் போனார். டீச்சர் ஒரு கிளையைத் திருப்பி, இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டோடு ஒட்டியிருந்த பிளவுபட்ட சிறு செதிலைக் காட்டினார்.

"இதப் பாருங்க. எதிரெதிர் இலை, நடுவுல இந்தச் செதில். இது நந்தியாவட்டை இல்ல சார். காப்பிக் குடும்பம்."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் வாழ்நாளில் அதிகமாகப் போராடிய எதிரி காப்பி.

"காப்பியா? என் வீட்டுலயா?"

"காப்பிச் செடி இல்ல சார், காப்பிக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் ரொம்பப் பெரிசு. இதுல எதுன்னு பூ பாத்தாதான் சொல்ல முடியும். பூத்ததும் கூப்பிடுங்க."

"சொந்தக்காரங்க பண்றதுக்கெல்லாம் செடி என்ன செய்யும், பாவம்" என்று அவர் போன பிறகு மாமா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் நந்தியாவட்டை என்பதை விடவில்லை. டீச்சர் பார்த்தது செதிலைத்தானே, பூவை இல்லையே என்பது அவர் வாதம்.

அடுத்த பருவத்தில்தான் வினை வந்தது.

ஒரு காலை, பின்முற்றத்திலிருந்து மாமா போட்ட சத்தத்தில் கோட்டுகளெல்லாம் கம்பியில் ஆடின. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு கிளை நுனியில், பச்சை இலைகளுக்கு நடுவே, ஓர் இலை பளீரென்று வெள்ளையாக இருந்தது. அழுக்கு வெள்ளையோ மஞ்சள் கலந்த வெள்ளையோ இல்லை. சலவை செய்து எடுத்த வெள்ளை.

"எவன் இதுல ப்ளீச் ஊத்தினது?"

மாமா அந்த இலையை விரலால் தூக்கிக் காட்டினார்.

"எனக்குத் தெரியாதா ப்ளீச்சுப் பட்டா எப்படி இருக்கும்னு? இதோ பாரு, சாயம் மொத்தமா போயிருக்கு!"

இஸ்திரி அண்ணன் தலையை ஆட்டினார். "நான் இல்ல சார்." அவருக்கு அது நீளமான பேச்சு.

மாமாவின் பார்வை அத்தைமேல் போனது. முந்தின நாள் அத்தை ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டியது உண்மை.

"அது வெறும் அலசின தண்ணிங்க" என்றாள் அத்தை.

"அலசினது எதை? வெள்ளைச் சட்டை போட்ட தொட்டிய. அதுல ப்ளீச் இருந்திருக்கும்."

"நான் தொட்டில கைய விட்டுத்தான் தண்ணி மொண்டேன். ப்ளீச் இருந்தா என் கை சொல்லாதா?"

"கைக்கு என்ன தெரியும்? இலை சொல்லுதே!"

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தையல் மிஷினுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா கத்தரிக்கோலை எடுத்துவந்தார். கறை பரவுமுன் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் தொழில் கொள்கை. வெள்ளை இலையை, அதனருகே இருந்த சின்னச் சின்ன மொட்டு மாதிரியானவற்றோடு, கிளை நுனியோடு சேர்த்து வெட்டி எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். எங்கள் எல்லோரையும் பார்த்து, "இந்த விஷயம் கடைவாசல் தாண்டக் கூடாது" என்றார். சலவைக் கடையின் சொந்த முற்றத்திலேயே ப்ளீச் கறை என்று தெரிந்தால் நாளைக்கு யார் பட்டுச்சேலையை நம்பிக் கொடுப்பார்கள்? டீச்சரிடம் சொல்லவே கூடாது.

நாலைந்து நாளில் வேறொரு கிளையில் இன்னொரு வெள்ளை இலை. அதையும் வெட்டினார். அப்புறம் இரண்டு. ப்ளீச் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகும் வந்தது. பூட்டிய ப்ளீச் எப்படி வெளியே போகிறது என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அத்தையை இன்னும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

அத்தை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள், நடுவில் நான்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, அந்த நீலக் கோட்டுக்குப் பட்டன் தைச்சாச்சுன்னு."

"கேட்டாச்சுன்னு சொல்லு" என்பார் மாமா.

மாமாவின் சொந்தச் சட்டைகளின் பட்டன்களையும் அத்தை கழற்றித் திரும்பத் தைத்தாள். அத்தனை இறுக்கமாக, துணியோடு ஒட்டித் தைத்திருந்தாள். எந்தப் பட்டனும் துளைக்குள் போகாது. மாமா சட்டைப் பட்டனோடு காலை முழுக்க மல்லுக்கட்டுவார். வாய் திறந்து கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சில நாள் மேல்பட்டன் திறந்தபடியே கடைக்கு வந்தார். சலவைக் கடை முதலாளி இப்படி வரலாமா என்று முடிதிருத்தும் கடைக்காரர் என்னிடம் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

இடையில் கோட்டு டீச்சர் வந்தபோதெல்லாம், "பூத்துதா சார்?" என்று கேட்பார்.

"இன்னும் இல்ல டீச்சர். ஏன்னே தெரியல. தண்ணியெல்லாம் நல்லாத்தான் விடுறோம்" என்பார் மாமா. அப்போது அவருடைய சட்டைப் பையில் காலையில் வெட்டிய நுனி காகிதத்துக்குள் இருக்கும்.

அப்படியே நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு முற்பகல் கண்ணாடிக் கடைக்காரர் கோபமாக எங்கள் கடைக்குள் வந்தார்.

"என்னங்க இது? உங்க கடைக் கர்சீப் எல்லாம் பறந்து வந்து எங்க பக்கம் செடிமேல கிடக்கு. நாள் கணக்கா யாரும் வந்து எடுக்கவும் இல்ல. என் கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க."

மாமா கறை மேஜையிலிருந்து நிமிர்ந்தார். "கர்சீப்பா? என் கடையிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு துணி காணாம போனதில்ல."

"காணாம போகல. என் வீட்டுலதான் இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூடை தேறும்."

"நீங்க கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க. முதல்ல நீங்க ஒண்ணு மாட்டிக்கங்க."

"வாங்க, வந்து பாருங்க!"

மாமா கிளம்பினார். நானும் போனேன். மிஷின் சத்தம் நின்றது. அத்தையும் எழுந்து வந்தாள். மூவருமாகக் கண்ணாடிக் கடை வழியாக, பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையையும் கண்ணாடிச் சட்டங்களையும் தாண்டி, பின்முற்றத்துக்குப் போனோம்.

சுவருக்கு மேலிருந்து அந்தப் பக்கம் வழிந்து இறங்கியிருந்தது எங்கள் செடி. எங்கள் பக்கத்தில் மொட்டையடித்த மாதிரி நின்றது, இங்கே கொத்துக் கொத்தாக வெளுத்துக் கிடந்தது. காற்று வீசும்போது அத்தனையும் அசைந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் கர்சீப் என்றுதான் யாரும் சொல்வார்கள். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் காவி கலந்த மஞ்சளில் சின்னஞ்சிறு நட்சத்திரப் பூக்கள். ஐந்து இதழ், கீழே நீளமான குழல். வண்ணத்துப்பூச்சிகள் வெள்ளை இலையைப் பார்த்து வந்து, பூவில் இறங்கி, குழலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தன.

மாமா குனிந்தார். முகர்ந்தார். நகம் சுரண்டப் போய், பாதியில் நின்றது.

அவர் எதையாவது பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

"இந்தக் கிளை எப்படி இந்தப் பக்கம் வந்தது?" என்று என்னிடம் கேட்டார்.

"நான்தான் நூல் போட்டுக் கட்டி விட்டேன்" என்றாள் அத்தை. நேரடியாக, நான் நடுவில் இல்லாமல். "உங்க கத்தரிக்கோல் எட்டாத இடம் வேற எங்க இருக்கு? அது என்னதான் செய்யப் பாக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசையா இருந்தது."

கோட்டு டீச்சருக்குப் போன் போனது. மத்தியானமே வந்துவிட்டார். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஆனால் அதை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளிலை!" என்றார் பார்த்ததுமே. "இந்த வெள்ளை இருக்கே, இது இலையும் இல்ல, பூவோட இதழும் இல்ல சார். பூவுக்கு அடியில பச்சையா அஞ்சு புல்லி இருக்கும். அதுல ஒண்ணு மட்டும் இப்படிப் பெரிசா வளர்ந்து வெளுத்துடும். பூ சின்னது, தூரத்துலேர்ந்து பூச்சி கண்ணுல படாது. அதுக்காக மாட்டின விளம்பரப் பலகைன்னு வச்சுக்கங்களேன்."

"நர்சரியில இதே மாதிரி பாத்திருக்கேனே, கொத்து முழுக்க வெள்ளையா, ரோஸா இருக்குமே?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அது வளர்ப்புக்காக உண்டாக்கின ரகம். அதுல அஞ்சுமே பெரிசாகி, பூ அமுங்கிப்போயிடும். இதப் பாருங்க, கொத்துல சில பூவுக்கு மட்டும், பூவுக்கு ஒண்ணே ஒண்ணு. இது நம்ம பக்கத்து மலைக்காட்டுல தானா வளர்றது. இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"ஒரு பேண்ட்டுல" என்றேன்.

டீச்சர் சுவருக்கு மேலாக எட்டி எங்கள் பக்கத்தைப் பார்த்தார். நறுக்கப்பட்ட நுனிகள் வரிசையாகத் தெரிந்தன. "ஐயையோ, அந்தப் பக்கம் எது சார் மேஞ்சது?"

மாமா சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அத்தை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் கடையில் நல்ல கூட்டம். மேஜைக்கு முன்னால் மூன்று நான்கு பேர் துணிக்காக நின்றிருந்தார்கள். மாமா கோட்டுகளை விலக்கிக்கொண்டு அத்தையின் மிஷின் பக்கம் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"ப்ளீச் யாரும் ஊத்தல" என்றார், தன் செருப்பைப் பார்த்து.

அத்தை மிதியை நிறுத்தவில்லை. "என்ன சொன்னீங்க? மிஷின் சத்தத்துல கேக்கல."

"ப்ளீச் யாரும் ஊத்தலன்னேன்."

மிஷின் நின்றது. "இப்ப சொல்லுங்க."

மாமா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். "நீ ஊத்தலம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். செடியையும் கெடுத்து, உன்னையும் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிட்டேன். தப்புதான்."

முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கம்பியில் தொங்கும் கோட்டுகளை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீராவி மேஜையிலிருந்து இஸ்திரி அண்ணன், "எனக்கும் கேக்கல சார்" என்றார்.

மாமா அந்தப் பக்கம் திரும்பி அவருக்கும் ஒருமுறை சொன்னார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் எளிதாக வந்தது. அத்தை அவரை வரச்சொல்லிக் கை நீட்டி, திறந்து கிடந்த மேல்பட்டனைப் பிடித்துப் பார்த்தாள். "கழற்றிக் குடுங்க. தளர்த்தித் தைக்கிறேன்" என்றாள். அவ்வளவு பேர் நடுவில் சட்டையைக் கழற்ற முடியாது என்று மாமா மறுத்தார். அப்படியே நிற்க வைத்து, கழுத்துக்குக் கீழே ஊசியை ஓட்டிப் பட்டனைத் தைத்தாள். மாமா அசையாமல், மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

கத்தரிக்கோல் ஓய்ந்ததும் எங்கள் பக்கத்துக் கிளைகளும் மளமளவென்று தழைத்து வெள்ளை காட்டத் தொடங்கின. அத்தை முற்றாத கிளைகளை வெட்டி, ஈர மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். டீச்சர் மாணவிகளை அழைத்து வந்தார். இன்ஜினியருக்கு ஒரு தொட்டி போயிற்று. பேண்ட்டில் வந்த பொருளை உரியவரிடம் சேர்த்ததில் மாமாவுக்கு அப்படியொரு நிம்மதி.

ஆனால் திருந்தினவர்களால் வருகிற தொல்லை தனி. இப்போது மாமா கடைக்கு வருகிற யாரையும் வெள்ளிலைப் பாடம் கேட்காமல் விடுவதில்லை. புல்லி என்றால் என்ன, செதில் என்றால் என்ன, வளர்ப்பு ரகத்துக்கும் காட்டு ரகத்துக்கும் என்ன வித்தியாசம். காப்பிக் கறையோடு வருகிறவர்களிடம், "நம்ம செடிக்குச் சொந்தம்தான், பரவாயில்ல" என்று கறையையே மரியாதையாக நடத்துகிறார்.

போன மாதம் ஓர் அம்மாள் தன் ரோஜாச் செடியின் கிளையைக் கொண்டுவந்து காட்டினார். இலையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அது மாவு தூவின மாதிரிப் பூஞ்சை, யாருக்கும் தெரியும்.

"வெட்டிடாதீங்கம்மா!" என்று மாமா பதறிப்போய்க் கத்தினார். "அதுதான் அழகே. பூச்சியைக் கூப்பிடுறதுக்காகச் செடி தானா செய்யுற ஏற்பாடு!"

அந்த அம்மாள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். நல்லவேளை, மிஷினை விட்டு எழுந்து வந்த அத்தை வாசலிலேயே அவரைப் பிடித்து, இலையை விரலால் துடைத்து வெள்ளைப் பொடியைக் காட்டி, எந்தெந்த இலையைக் கிள்ளி எறிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். திரும்பி உள்ளே வரும்போது மாமாவைப் பார்த்தாள்.

"துணி தப்பா நடந்துக்கிச்சா?" என்றாள்.

"இந்தத் தடவை ரோஜா" என்றார் மாமா. ஆனால் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.